ஜவுளிக்கடை ஊழியருக்கு மணிக்கணக்கில் சம்பளம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் தியாகராய நகரின் பெரிய ஜவுளிக்கடைகளில் இரவு வெகுநேரம் வரை வியாபாரம் நடக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் விற்பனைப் பெண்களுக்கு வேலை ஓய்வதில்லை. நாம் பிரித்துப் போட்டுவிட்டு, 'கலர் சரியில்லை' என்று எழுந்து வந்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள்?

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இருமடங்கு கூலி. மாதச் சம்பளம் என்று மொத்தமாகப் பேசி முடிக்கும்போது இந்தக் கணக்கு அடிபட்டுப் போகிறது. 'சாப்பாடும் தங்க இடமும் தருகிறோமே' என்பார்கள் முதலாளிகள். (தங்குமிடம் கடைக்குப் பக்கத்திலேயே இருப்பது யார் வசதிக்கு?) 2021இல் ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. நல்லதுதான், ஆனால் இருக்கையை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது.

பெரிய கடைகளில் வருகைப் பதிவுக்கு விரல்ரேகை இயந்திரம் இருக்கிறது. தாமதமாக வந்தவருக்குச் சம்பளம் பிடிக்க உதவும் அதே பதிவு, கூடுதல் நேரம் நின்றவருக்குக் கூலி கொடுக்கவும் உதவுமே! மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலியை அரசு உயர்த்தி நிர்ணயிக்கட்டும். சம்பளச் சீட்டில் ஓவர்டைம் தனியாக அச்சாகட்டும். முதலில் நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் கடைகளில் தொடங்கலாம். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி பயப்பட வேண்டியதில்லை.

– வாசகி, குரோம்பேட்டை