பெரியவனுக்கு, கிண்டி வழியாக

குரோம்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால்தான் படுத்துகிறது. நீ போன் எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

பொங்கலுக்கு நீ வராததை அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் பங்குச் சர்க்கரைப் பொங்கலை ஃப்ரிட்ஜில் நாலு நாள் வைத்திருந்துவிட்டு வாசலில் மாட்டுக்குப் போட்டாள், அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதே.

போன வாரம் வேளச்சேரியில் ஒரு சாவுக்குப் போனேன். பஸ் கிண்டி ரேஸ் கோர்ஸ் சுவரை ஒட்டிப் போனது. 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். உள்ளே மழைத்தண்ணீருக்குக் குளம் வெட்டியிருக்கிறார்கள். 160 ஏக்கர். 1945இலிருந்து 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். நம் வீட்டுக்காரர் இதைக் கேட்டால் மாரடைத்துப் போவார். கடைசியில் பாக்கி 730 கோடி என்று சொல்லிக் குத்தகையை ரத்து செய்தார்கள்.

உனக்கு எதற்கு இந்தக் கதை என்று நினைப்பாய். இருபது வருஷம் கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான், அந்தச் சுவர் பக்கத்துச் சுவர். அதன் சரித்திரம் எனக்கு மனப்பாடம். 1777இல் கும்பினிக்காரன் கிண்டியில் பந்தயத்துக்கு நிலம் கொடுத்தான். மூன்றே வருஷத்தில் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் குதிரைப் படையோடு இறங்கினான், பந்தயம் நின்றுபோனது. ஓடவேண்டிய குதிரைகள் அப்போது வேறு பக்கம் ஓடியிருக்கும். ஆரம்பத்தில் ஓடியவை கப்பலில் வந்த அரபுக் குதிரைகள். பிறகுதான் இங்கிலீஷ் தரோபிரெட், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற ஜாதி. உலகத்தில் எந்த தரோபிரெட்டை எடுத்தாலும் தகப்பன் வழி மூன்றே மூன்று குதிரைகளில் போய் முடியும். மூன்றும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை. மெட்ராஸ் ரேஸ் கிளப் வந்தது 1896இல். நம் நாட்டில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள், எந்த மாதம் குட்டி போட்டாலும். உன்னுடையது மூன்றாம் தேதி. இரண்டு தடவை கூப்பிட்டேன்.

நன்றாக ஓடுகிற குதிரைக்குச் சேணத்தில் ஈயம் வைத்துக் கனத்தைக் கூட்டுவார்கள், மற்றதும் ஜெயிக்கட்டும் என்று. ஹேண்டிகேப் என்று பேர். உன் தங்கை மதுரைக்காரியின் கல்யாணக் கடனை உன் தலையில் வைத்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் ஏழு வருஷம் கட்டினாய். அதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

மாப்பிள்ளை போன மாதம் வந்திருந்தார். பேச்சுவாக்கில் நாற்பதாயிரம் என்றார். மதுரைக்காரி கண்ணைக் காட்டியதும் பேச்சை மாற்றிவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. ராத்திரி நேரத்தோடு படு.

1974இல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது. குதிரையின் வம்சம், பழக்கம், ஜாக்கி, சுமை எல்லாம் பார்த்துக் கணிக்கலாமாம். அந்தப் பேப்பரை வெட்டி டிபன் பாக்ஸ் பையில் வைத்திருந்தேன். யாராவது கேட்டால் காட்டலாமே என்று. யாரும் கேட்கவில்லை. போனில் ரம்மி நடத்தியவர்கள் கோர்ட்டில் காட்டியதும் இதே தீர்ப்பைத்தான். படித்தபோது கை நடுங்கியது.

டோட்டு, அதாவது ரேஸ் கோர்ஸில் பந்தயம் கட்டுகிற முறை, எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லோர் காசையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள், வரியும் கமிஷனும் முதலில் கழியும், மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு. கூடி நிற்கிற கூட்டத்தை ஒரே ஆளாக வைத்துக் கணக்குப் போட்டால் அவன் தினம் தோற்கிறான். கம்பெனியில் ஐந்து பைசா இடித்தால் எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன் நான். அங்கே மட்டும் கணக்கு வராது.

பல்லாவரம் பஸ்ஸில் பிக்பாக்கெட் நடக்கவில்லையடா.

அந்த ஆறாயிரம் உன் ஆறாம் வகுப்பு அட்மிஷனுக்கு எடுத்துப் போனது. தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்றாவது ரேஸில் பாதி, ஐந்தாவதில் மீதி. யார் மேலும் குற்றமில்லை, நானாகத்தான் நடந்து போனேன். பை அறுந்த மாதிரி இருக்கவேண்டும் என்று ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிளேடு வாங்கினேன். அம்மா அழுதாள். நீ உள்ளே போய் மண் உண்டியலை உடைத்து எண்பத்தேழு ரூபாயைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாய். "அழாதப்பா" என்றாய். அழுதது நான் இல்லை, அம்மா. ஆனாலும் என்னிடம்தான் சொன்னாய்.

அடுத்த பந்தய நாளில் அந்த எண்பத்தேழையும் கொண்டுபோனேன்.

அதன் பிறகு நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. நாம் குடும்பத்தோடு போன ஒரே ஊட்டி டூர் ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே ரேஸ் கோர்ஸ். பொட்டானிக்கல் கார்டனில் உங்களை விட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று போனவன் மூன்று மணி நேரம் கழித்துத்தானே வந்தேன். 2003இல் கம்பெனி மூடிக் கையில் காசே இல்லாமல் போனபோதுதான் விட்டது. நானாக விடவில்லை.

நீ அரசுப் பள்ளியில் படித்து இந்த வேலைக்குப் போனதற்கு நானும் ஒரு காரணம் என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது தலையாட்டியிருக்கிறேன்.

மதுரைக்காரிக்கு நாற்பதாயிரத்தை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன். வேறு யாரிடமாவது இருந்தால் ஒரு தாளில் எழுதி வை, தொகை மட்டும் போதும், எதற்கென்று எழுதவேண்டாம். பஸ் விஷயம் அம்மாவுக்கு இன்றும் தெரியாது. அது நான் சொல்லவேண்டியது, நீ சொல்லாதே.

வியாழக்கிழமை ரயிலில் புனே வருகிறேன். உனக்கு நார்த்தங்காய் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் நிஜமாகவே இரண்டு பாட்டில் போட்டுவிட்டாள். நீ ரூம் மாறிவிட்டதாக உன் பழைய நம்பரில் எடுத்த பையன் சொன்னான். புது விலாசத்தை மட்டும் மெசேஜ் பண்ணு. ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், லீவு போடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா