பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த செலவில் கேமிங் கணினி அமைப்போர் பலர் பிராசஸருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு கிராபிக்ஸ் கார்டில் கையைச் சுருக்குகிறார்கள். 1080பி (ஃபுல் எச்டி) திரைக்கு ஆறு கோர் பிராசஸரே போதும். மீதிப் பணம் 8 ஜிபி நினைவகமுள்ள கார்டுக்குப் போகட்டும்.

கார்டுக்கு எத்தனை பிசிஐஇ லேன் (கார்டும் பிராசஸரும் தரவு பரிமாறும் பாதை) என்றும் பாருங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கே லேன். மதர்போர்டோ பிராசஸரோ மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்றால் தரவு வேகம் பாதியாகும். அதன் 4 ஜிபி நினைவகமும் நிரம்பினால் ஆட்டம் திக்கித் திக்கித்தான் ஓடும். போர்டு புதிதானாலும் ரைசன் 5 5600ஜி பிராசஸர் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும்.

ராம் 16 ஜிபி ஒன்றாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள்; இரண்டும் ஒருசேர இயங்கினால் வேகம் கூடும். நான்கு ஸ்லாட் போர்டுகளில் வழக்கமாக, பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் செருக வேண்டும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-யை (ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்காவிட்டால் 3200 வேக டிடிஆர்4 பெரும்பாலும் 2133 அல்லது 2400-லேயே கிடக்கும்.

கேபினட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை நம்பவே நம்பாதீர்கள். அட்டைப்பெட்டியில் 450 வாட் என்றிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 20 ஆம்பியர் என்றிருந்தால், கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்தே 240 வாட்தான். ஆட்டம் சூடுபிடிக்கும்போது கணினி பட்டென்று அணையும். பழி கார்டின் மேல் விழும். 12 வோல்ட்டில் 35 ஆம்பியராவது தருவதை வாங்குங்கள். பழைய கார்டைச் சோதித்து வாங்கலாம். பழைய பவர் சப்ளை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர்