சென்னை - 9 வரை நடத்திக் கூட்டிப் போனவர்களுக்கு

வணக்கம்.

தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்துபோகிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். புங்க மரத்தடியில் மேசை போட்டு இருபத்தாறு வருடமாக மனு எழுதுகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வண்டிப்பாதைத் தகராறு, வாரிசுச் சான்று. இங்கே தீராவிட்டால் மேலே எழுதச் சொல்வார்கள். மேலே என்றால் 'தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை - 9'. இல்லையென்றால் 'எழிலகம், சேப்பாக்கம், சென்னை - 5'. இந்த இரண்டு விலாசத்தையும் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ, ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணம், காரியம் என்று போனாலும் தாம்பரத்தோடு திரும்பிவிடுவேன்.

போன மாதம் இரண்டாம் புதன்கிழமை போய்ப் பார்த்துவிட்டேன். வழிகாட்டி கிடையாது, டூர் பஸ் கிடையாது. கால்நடையாகவே. வழியில் உதவியவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் மகளுக்கு. லீகல் சைஸ் தாளின் பின்பக்கத்தில் அவள்தான் வழி வரைந்து கொடுத்தாள். கட்டடத்தின் பெயர் ஒன்றும் இல்லை, பின்கோடு மட்டும்: 3, 104, 1, 9, 5. "பேரு மறந்தாலும் உங்களுக்கு இது மறக்காதுப்பா" என்றாள். பக்கத்து மேசை நண்பருக்கு அடுத்த நன்றி. அன்றைக்கு என்னைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்து, காசைத் தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். பென்னாகரத்து ஆயாவிடம் இருபது ரூபாய் கூட வாங்கியிருக்கிறார். சரி, அது எங்களுக்குள்.

மொரப்பூரில் ரயிலேறி விடியலில் சென்ட்ரலில் இறங்கினேன். ரிப்பன் மாளிகை பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரியாமல் ஆட்டோ கேட்கப் போனவனை ஒரு டீக்கடைத் தம்பி நிறுத்தினார். "ஐயா, அதோ வெள்ளையா தெரியுதே, அதான்." 1913-ல் திறந்த மாநகராட்சிக் கட்டடம். மணிக்கூண்டைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன்.

உயர் நீதிமன்றம் நெருங்கும்போது செருப்பு வார் அறுந்தது. பாரிமுனை நடைபாதையில் தைத்துக் கொடுத்த பெரியவர் முப்பது ரூபாய் வாங்கினார், கூடவே நன்றாகத் திட்டினார். "இந்தச் செருப்ப போட்டுக்கிட்டா ஊர் சுத்த வந்தே?" அந்தத் தையல் இன்னும் விடவில்லை. அங்கே வந்து நின்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர், தொழில் என்னவென்று கேட்டதும் "நம்ம ஆளு" என்று கூட்டிப்போனார். 1892-ல் கட்டி முடித்த செங்கல் மலை அது. அதன் உயரமான கோபுரத்தின் மேல்தான் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்ததாம். 1914-ல் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்ட இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது மனுநீதிச் சோழன் சிலை முன்னால்தான். நாங்கள் 'மனுநீதி நாள்' என்று முகாம் நடத்துகிறோமே, அந்த ராஜா. மாடு மணி அடித்தது, அவன் வந்து கேட்டான். மாட்டுக்கு மனு எழுத ஆள் தேவைப்படவில்லை.

ராஜாஜி சாலை நம்ம தொரப்பள்ளிக்காரர் பெயரில் இருப்பதால், கொஞ்சம் உரிமையோடு நடந்தேன். பெரிய தபால் ஆபீஸைப் பார்த்துவிட்டு அதே சாலையில் தெற்கே திரும்பினால் கோட்டை.

கோட்டை வாசலில் பையைச் சோதித்த பெண் காவலருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பையில் புளிச்சோறு, இங்க் பேட், கோர்ட் ஃபீ வில்லை. "மனு குடுக்க வந்தீங்களாப்பா?" "இல்லம்மா, இத்தன வருஷமா எழுதுன அட்ரஸ பாக்க வந்தேன்." ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு முதலமைச்சரின் தனிப்பிரிவு எந்தப் பக்கம், அருங்காட்சியகம் எந்தப் பக்கம் என்று கையைப் பிடித்துச் சொல்லாத குறைதான்.

தனிப்பிரிவுப் பக்கம் மஞ்சள் பையோடு நின்ற ஒரு தம்பதியின் மனுவை எட்டிப் பார்த்தேன். புல எண் விட்டுப்போயிருந்தது. தொழில் புத்தி, பேனாவை எடுத்துவிட்டேன். எழுத முதுகைக் கொடுத்த அந்த அண்ணனுக்கும் நன்றி. 1947 ஆகஸ்ட் 15 விடியலில் இந்தக் கோட்டையில் ஏற்றிய கொடியை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகையை அண்ணாந்து பார்த்தபோதுதான், நான் அனுப்பிய கோப்பெல்லாம் ஏன் அவ்வளவு நாள் எடுத்தது என்று கொஞ்சம் புரிந்தது.

அங்கிருந்து தீவுத்திடல் பக்கம், மன்றோ சிலை. நேப்பியர் பாலத்து வழியில் போகப் பார்த்த என்னை ஒரு மாநகரப் பேருந்து நடத்துனர்தான் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். 1839-ல் நிறுத்திய சிலை. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க வளையமும் இல்லை என்று எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்கு வேறு விஷயம். 1792-ல் திப்புவிடமிருந்து பாரா மகால், அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம், கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கைக்குப் போனதும், கேப்டன் ரீடுக்கு உதவியாளராக வந்தவர் இந்த மன்றோ. ஏழு வருடம் நம்ம பக்கத்தில் ஊர் ஊராக நிலம் அளந்து, தீர்வை போட்டார். நடுவில் ஜமீன் இல்லாமல் குடியானவனிடமே நேரடியாகக் கணக்கு. ரயத்துவாரி முறை வளர்ந்தது நம்ம மண்ணில்தான். 1820-ல் சென்னைக்கே கவர்னர் ஆனார். ஆக, நான் எழுதும் பட்டா மனுவுக்கெல்லாம் மூலப்பத்திரம் இந்தக் குதிரைக்காரர். நல்லது செய்தாரா, தீர்வையை ஏற்றி வதைத்தாரா என்பது பெரிய வழக்கு. என் வீட்டு அடுப்பு எரிவதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதால் ஒரு கும்பிடு போட்டேன். வண்டியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணா சாலையில் ஓமந்தூரார் தோட்டத்துக் கட்டடத்தையும் பார்த்தேன். 2010-ல் சட்டமன்றமும் செயலகமும் அங்கே போனபோது விலாசத்தை மாற்றி எழுதினோம். அடுத்த வருடமே பழையபடி சென்னை - 9. அந்தக் கட்டடம் 2014-லிருந்து ஆஸ்பத்திரி. அதன் வாசலில் உட்கார இடம் கொடுத்த, நோயாளிக்குத் துணையாக வந்த திருவண்ணாமலை அம்மாவோடு புளிச்சோற்றைப் பங்கு போட்டேன்.

வாலாஜா சாலை வழியாகச் சேப்பாக்கம் சேரும்போது மணி மூன்று. நடந்தது ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும், முழங்கால் அதற்கு மேல் சொன்னது. ஆற்காடு நவாபு 1768-ல் கட்டிய அரண்மனை ஒரு பக்கம், எழிலகம் ஒரு பக்கம். வருவாய்த் துறை, நில நிர்வாகம் என்று நான் தினமும் எழுதும் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நின்றபோது மழை பிடித்தது. வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்து, "அண்ணா, இத எடுத்துக்கங்க, உள்ள எனக்கு இன்னொண்ணு இருக்கு" என்று குடையைக் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

அம்மா, குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மெரூன் நிறம், ஒரு கம்பி ஒடிந்து வெள்ளை நூலால் கட்டியிருந்தது, கம்பியை மாற்றிவிட்டேன். விலாசம் எழுதியே பிழைக்கிறவன், உங்கள் விலாசத்தைக் கேட்க மறந்துவிட்டேன். வரும் மாதம் இரண்டாம் புதன்கிழமை மூன்று மணிக்கு அதே வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
புங்க மரத்தடி மனு எழுதுபவர்,
தர்மபுரி - 5