பூச்சை மட்டும் பழிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பெண்களின் முடி உதிர்வு பற்றிய தங்கள் கட்டுரை முடியை நேராக்கும் இரசாயனப் பூச்சுகளை மட்டுமே சாடியது. அவை பெரும்பாலும் முடியை இடையில் முறிக்கும். வேரோடு கொட்டினால் இரும்புச்சத்துக் குறைவையும் பார்க்க வேண்டும். கலியாணத்துக்காக முடியை நேராக்கிய என் தங்கையின் மகள், மூன்றாம் மாதம் சீப்பு நிறைய முடியோடு வந்து அழுதாள். நாங்களும் பூச்சைத்தான் திட்டினோம். பரிசோதனையில் ஈமோகுளோபின் சரி. இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிட்டின்தான் மிகக் குறைவு. காலையில் பணிஸும் பிளேன்டீயும், மதியச் சோற்றுக்குப் பின்னும் உடனே பிளேன்டீ. உணவோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரும்புச்சத்துள்ள முருங்கைக் கீரையோ வேலியிலேயே தழைத்து நிற்கிறது.

வன்னிக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர்கள், மணமாகாத பெண்களிடமும் இதைப் பேச சுகாதாரத் திணைக்களம் ஒழுங்கு செய்யட்டும்.

வாசகி,
புதுக்குடியிருப்பு