தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் விற்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் நாய், பூனைகளைக் குளிரில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வந்த கட்டுரை நன்றாக இருந்தது. பாம்பு வளர்ப்பவர்களுக்கும் நாலு வரி எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு தளிக்குப் பக்கத்தில். இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். மார்கழி, தையில் வீட்டுக்குள்ளேயே விடிகாலையில் 16 டிகிரிதான் காட்டும், தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. நாம் போர்த்திக்கொள்வோம். பாம்பு என்ன செய்யும்? அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது, இரை செரிப்பதற்குக்கூட வெளியிலிருந்துதான் சூடு வேண்டும்.

எங்களிடம் இருப்பது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, விஷமில்லாத பாம்பு. ஆரஞ்சு நிறம் என்பதால் என் மகள் சாமந்தி என்று பெயர் வைத்தாள். போன குளிர்காலத்தில் ஒரு எலியைக் கொடுத்தோம், மூன்றாம் நாள் அது செரிக்காமல் அப்படியே வெளியே வந்து கிடந்தது. பயந்துபோய், பாம்பு வாங்கிய கடையிலேயே கேட்டு தொட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றும் மின்விரிப்பு, அதாவது ஒரு ஹீட் மேட் வாங்கினேன். சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் கருவி வேண்டாமா என்று கேட்டதற்கு, 'அதெல்லாம் தேவையில்லைங்க, அப்படியே சொருகிவிடுங்க' என்றார்கள். நானும் நம்பினேன்.

ஐந்தாறு நாள் கழித்துக் கையில் எடுத்துப் பார்த்தால் வயிற்றுச் செதில்கள் ஏழெட்டு பழுப்பேறி, கருகிய தோசையின் ஓரம் போலச் சுருண்டிருந்தன. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் கம்பியை மேட்டுக்கு மேலே கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், 46 டிகிரி! மேலே காற்று குளிர்கிறது, கீழே சுடுகிறது, குளிருக்குப் பயந்து அந்தச் சூட்டிலேயே ஒடுங்கிக் கிடந்திருக்கிறது வாயில்லா ஜீவன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மருத்துவரைப் பார்த்து மருந்து போட்டோம், இரண்டு வாரம் இரை கொடுக்கவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். தொட்டியைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டினேன். மேட் இப்போது தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் மட்டும்தான் இருக்கிறது, தெர்மோஸ்டாட் போட்டு 30 டிகிரியில் வைத்திருக்கிறேன். மறுகோடி 23 டிகிரி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள வாய் உடைந்த மண்சட்டிகளைக் கவிழ்த்திருக்கிறேன். சூடு வேண்டுமா, குளிர்ச்சி வேண்டுமா என்பதை அதுவே பார்த்துக்கொள்கிறது. முழுத் தொட்டியையும் சூடாக்கினால் பாம்புக்கு ஒதுங்க இடமே இருக்காது, இதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை.

வெயிலில் தூக்கி வையுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், கண்ணாடித் தொட்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும், பாம்பு செத்துப்போகும். ரூம் ஹீட்டரை விடிய விடிய ஓடவிட்டால் காற்று வறண்டு சட்டை சரியாக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. சாமந்தியைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன், வயலில் சாரை பிடித்து வளர்க்கட்டுமா என்று கேட்டான். கூடவே கூடாது. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இதையும் எழுதுங்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் விற்பதைக் கடைக்காரர்கள் நிறுத்த வேண்டும். வாங்குபவர்களும் இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும், கையில் பணம் குறைவாக இருந்தால் மேட்டையும் தள்ளிப்போடுங்கள், அதுவரை இரை கொடுக்காதீர்கள். அடுத்த மார்கழிக்கு முன்னால் நீங்கள் ஒரு கட்டுரை போட்டால் எத்தனையோ பாம்புகள் சூடுபடாமல் தப்பிக்கும்.

சாமந்தி மூன்று முறை சட்டை உரித்துவிட்டது, வயிற்றில் இப்போது லேசான தழும்புதான். நாளைய மின்தடைப் பகுதிகளில் எங்கள் ஊர் பெயரையும் போட்டிருக்கிறீர்கள், காலை 9 மணியிலிருந்து. வெந்நீர் ஊற்ற இரண்டு பாட்டில்களையும், சுற்றிவைக்கப் பழைய துண்டையும் இன்றிரவே எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தளி, கிருஷ்ணகிரி மாவட்டம்