மலைவாழைக்குக் கன்று மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் அழிந்துவரும் விருப்பாட்சி மலைவாழையை மீட்க, ஆய்வுக்கூடத்தில் பெருக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளை மானியத்தில் தர வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. தரட்டும், நல்லதுதான். ஆனால் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் பிடித்த பழைய குத்துகளை, அதாவது ஒரே கிழங்கிலிருந்து கிளைத்து நிற்கும் வாழைகளை, சுற்றிலும் விட்டுவிட்டு நடுவில் புதுக்கன்று நடுவது அந்த நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சிக்குப் பந்தி வைக்கிற வேலை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர்ப் பக்கம் 2,000 முதல் 5,000 அடி உயரம் வரை காப்பிக்கு ஊடே மானாவாரியாக வளர்ந்தது இந்த வாழை. இளங்காப்பிக்கு நிழல், வீட்டுக்கு வருமானம். 12 அடிக்கு 12 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 300 குத்து. ஒருமுறை நட்டால் மறுதாம்பிலேயே, அதாவது தூரிலிருந்து கிளைக்கும் பக்கக் கன்றுகளிலேயே, பல வருடம் தார் வெட்டலாம். காப்பிக் காசு வருடத்துக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும், மிளகும் அப்படியே. வாரக்கூலியும் மளிகைக் கடனும் வாழைத்தாரை நம்பித்தான் ஓடின. வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று அடிவாரத்து ஊர்களின் வியாபாரத்திலும் மலைத்தோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1970-களில் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. யானையும் காட்டுப்பன்றியும் சேதம் செய்வது உண்மைதான் என்றாலும், முதல் காரணம் முடிக்கொத்து நோய்.

இது கத்தியாலோ மண்ணாலோ பரவாது. நோய்த் தாயிலிருந்து எடுத்த கன்றும் வாழை அசுவினியும்தான் வழி. அசுவினி தண்டின் அடியிலும், மட்டை இடுக்கிலும், விரியாத குருத்துக்குள்ளும் இருக்கும். எறும்பு ஏறி இறங்கும் குத்தை முதலில் பார்க்க வேண்டும். இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடிப்புறத்திலும் விட்டுவிட்டு ஓடும் கரும்பச்சைக் கோடுகள் முதல் அடையாளம். பிறகு இலை குறுகி, ஓரம் வெளுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கும். வைரஸ் ஏறிய பிறகு அடையாளம் தெரிய ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். பக்கத்துத் தோட்டத்தில் பார்வைக்கு நன்றாக இருந்த கன்று நோயோடு வந்து சேருவது இதனால்தான்.

நோய்க் குத்தை எடுப்பதிலும் பலர் தவறுகிறார்கள். மருந்தடிக்காமல் வெட்டிச் சாய்த்தால் மரம் வாடும்போது அசுவினி அடுத்த குத்துக்குக் கிளம்பிவிடும். முதலில் குருத்து முதல் தூர் வரை நனைய மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். அதன் பிறகே கிழங்கோடு தோண்டி, மறுபடி முளைக்காதபடி துண்டாக்க வேண்டும். குத்தில் ஒரு மரத்தில் மட்டும் அடையாளம் தெரிந்தாலும் கிழங்கு ஒன்றென்பதால் முழுக் குத்தும் போக வேண்டும். அடுத்த ஆறு மாதமாவது மாதம் ஒருமுறை சுற்றிவந்து, எஞ்சிய துண்டிலிருந்து வரும் முளையைப் பிடுங்க வேண்டும்.

நடைமுறையில் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. தாமதமாக நோய் தாக்கிய குத்தில் ஒரு தார் பாதி முற்றி நிற்கும். அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? இரண்டு மாதம் பொறுப்போம் என்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் சரிவு முழுக்க நோய் ஏறிவிடும். வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போட்டுவிட்டு எட்டிப் பார்க்காத தோட்டங்கள் இதைவிட மோசம். அங்கே நோய்க் குத்தைத் தோண்ட ஆளே கிடையாது.

திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயற்றது என்ற எண்ணமும் சரியல்ல. தாய்மரத்துக்கு வைரஸ் பரிசோதனை செய்யாமல் பெருக்கினால் ஆய்வுக்கூடமே நோயைப் பெருக்கிக் கொடுக்கும். கன்றோடு பரிசோதனைச் சான்றும் தரப்பட வேண்டும். ஒன்றரை அடிக் குழியில் சித்திரை, வைகாசி மழைக்கு நடுவதுதான் இங்கே வழக்கம். மழை தவறினால் பாசனம் இல்லாத சரிவில் இந்த இளங்கன்று கிழங்குக் கன்றைப் போலத் தாங்காது. ஆகவே மழையைப் பார்த்துக் கன்று வர வேண்டும். நிதியாண்டுக் கணக்கை முடிப்பதற்காக வரக்கூடாது.

இதே நோயால் 1920-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து வாழைத் தோட்டங்கள் ஏறக்குறைய அழிந்தன. நோய்க் குத்தை அகற்றுவதையும் நல்ல கன்றை மட்டுமே நடுவதையும் சட்டத்தால் கட்டாயமாக்கிய பிறகே சாகுபடி மீண்டது. நம்மிடமும் 1919-ஆம் ஆண்டின் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் இருக்கிறது. அரசு அறிவிக்கை வெளியிட்டு நில உரிமையாளரை நடவடிக்கை எடுக்கச் சொல்லலாம். அவர் செய்யாவிட்டால் அதிகாரிகளே செய்து செலவை வசூலிக்கலாம். எட்டிப் பார்க்காத தோட்டங்களுக்கு இதைத் தவிர வேறு மருந்து இல்லை.

விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-09-லும் பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தன. நீர்ச்சத்து குறைந்த மலைப்பழம் இருந்தால்தான் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கும். பழத்துக்கு வாடிக்கை அடிவாரத்திலேயே இருக்கிறது, பழம்தான் இல்லை.

எனவே தோட்டக்கலைத் துறை ஒரு சரிவை, அதாவது ஓர் ஓடைக்கு இருபுறமும் உள்ள தோட்டங்களை, ஓர் அலகாக எடுத்துக்கொள்ளட்டும். தை மாதம் கணக்கெடுத்து, வீட்டுக் கொல்லை வாழை உட்பட நோய்க் குத்துகளைப் பங்குனிக்குள் அகற்றட்டும். தார் நிற்கும் குத்துக்குத் தோண்டும் அன்றே இழப்பீடு கொடுக்கட்டும். ஆறு மாதக் கண்காணிப்பும் முடிந்து சுத்தமான சரிவுக்கு மட்டும், ஒரு வருடம் கழித்து வரும் சித்திரையில் கன்று கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலை காப்பி, வாழை விவசாயிகள் சிலர்,
தாண்டிக்குடி.