படத்துக்குக் கீழே கானா என்றாவது போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்ப அறக்கட்டளை பற்றிச் சென்ற இதழில் படித்தேன். நல்ல காரியம், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் 'படிப்பின் அருமை தெரியாத மக்களிடையே' என்று ஒரு வரி வருகிறதே, அச்சுக்குப் போகுமுன் யாரும் அதை வாசிக்கவில்லையா?

நான் பதினோரு வருஷம் கானாவின் துறைமுக நகரமான டெமாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு பார்த்தவன். துறைமுகம் கட்டுவதற்காக மீனவர்களைப் பெயர்த்துக் குடியேற்றிய டெமா நியூ டவுன் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ள நானும் மனைவியும் பெரிய மனதோடு போனோம். மீனைப் புகைபோட்டு விற்கிற அந்தத் தாய் புகைவாடை அடிக்கிற பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "சீருடை என் பொறுப்பு, நோட்டும் செருப்பும் மட்டும் நீங்க பாருங்க" என்றார். மீன் வராத மாதங்களில் அதற்கு மேல் வாங்கியதையெல்லாம் கடன் என்றே சொல்லி வாங்கினார், ஆகஸ்டில் மத்தி வந்ததும் கொண்டுவந்து கொடுத்தார், வேண்டாம் என்றால் கோபம் வேறு. செவ்வாய்க்கிழமை அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை, அது கடல் தெய்வத்தின் நாள். அன்றைக்குத் தகப்பன்மார் துவைத்த சட்டையோடு வாத்தியாரைப் பார்க்கப் பள்ளி வாசலில் நிற்பார்கள். இவர்களுக்கா அருமை தெரியாது?

அப்புறம், 'அரசு எட்டிப் பார்க்காத நாடு' என்றொரு வரி. 2005 முதல் அரசுப் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் உண்டு, 2017இல் மேல்நிலைப் படிப்பும் இலவசமானது. கூட்டம் தாங்காமல் அடுத்த வருஷமே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி பள்ளியில் இருக்கும்போது மறுபாதி வீட்டில் என்று முறை வைத்தார்கள். போதவில்லை என்று எழுதுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். பிள்ளை பாதியில் நிற்பது அருமை தெரியாமல் இல்லை, மீன் இல்லாமல். பெரிய இழுவைக் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போனபின், 2019இல் சின்னப் படகுக்காரர்களையும் ஒரு மாதம் கரையில் உட்காரச் சொன்னார்கள். தடைக்காலத்தில் மீனவர் வீடு எப்படி இருக்கும் என்று, ராமேசுவரத்தில் நிருபர் வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அந்த அறக்கட்டளைக்காரர்கள் கொடுத்த புத்தகப்பை ஒவ்வொன்றிலும் அவர்கள் தாத்தாவின் முகம். பிள்ளைகள் முதுகில் அவரைச் சுமந்துகொண்டு வரிசையாக நிற்கிறார்கள், நீங்களும் அதை அரைப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள், பிள்ளைகளின் முழுப்பெயரோடு. நம் ஊர்ப் பிள்ளை என்றால் இப்படிப் போடுவீர்களா?

போன வருஷம் உங்கள் குறுக்கெழுத்தில் 'ஆப்பிரிக்க மொழி, நான்கெழுத்து' என்று கேட்டிருந்தீர்கள், ஆப்பிரிக்கா ஏதோ ஒரு தாலுகா மாதிரி. அதற்கு நான் எழுதிய கடிதம் வெளிவரவேயில்லை. சந்தா முடிகிறது என்ற கடிதம் மட்டும் தவறாமல் எனக்கு வந்துவிடுகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே 'ஆப்பிரிக்கச் சிறுவர்கள்' என்று இருப்பதை இணையப் பதிப்பிலாவது 'கானா' என்று மாற்றி, அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
காரைக்குடி